திரும்பி நடப்பவருக்கான பாதை

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நத்தம்–திண்டுக்கல் சாலையில், கோபால்பட்டியைத் தாண்டிய ஒரு தகரக் கொட்டகை. குழல் விளக்கின் கீழே, பச்சை வேட்டி கட்டிய அறுபது வயதுக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அவருடைய வலது பாதம் எதிரே குந்தியிருக்கும் இளைஞனின் மடியில். குதிகாலை ஒட்டிப் பெரிய நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். இளைஞன் தையல் ஊசியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, நூலோடு கொப்புளத்தின் ஓர் ஓரத்தில் ஏற்றி மறு ஓரத்தில் எடுக்கிறான். ஊசி வெளியே வந்துவிடுகிறது. நூல் உள்ளேயே நிற்கிறது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நீர் மெதுவாக வடிகிறது.

“தோலைப் பிய்ச்சுடாதீங்க சாமி. மேல்தோல் இருக்கிற வரைக்கும் நடந்துரலாம்.”

மேலே தேங்காய் எண்ணெய் தடவி, பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றிக் கட்டிவிட்டு அடுத்த பாதத்தை மடியில் எடுத்துவைக்கிறான். இளைஞனுக்குத் தொழில் டைல்ஸ் ஒட்டுவது. தை மாதத்தில் நான்கு நாள் வேலைக்குப் போவதில்லை. யாரும் அவனை நியமிக்கவில்லை, சம்பளமும் இல்லை. வரிசையில் இன்னும் பதினைந்து பேராவது காத்திருக்கிறார்கள். கொட்டகையின் மறுகோடியில் அண்டாவில் சுக்குக் காபி கொதிக்கிறது. வெளியே சாலையில் கும்பல் கும்பலாக ஆட்கள் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இடக்கைப் பக்கம் சிறுமலையும் வலக்கைப் பக்கம் கரந்தமலையும் இருட்டுக்குள் இன்னும் கறுப்பாகத் தெரிகின்றன. ஒருவர் முதுகுப் பையில் ஒட்டிய ஒளிரும் பட்டை, லாரி வெளிச்சம் படும்போதெல்லாம் மின்னி அணைகிறது.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் இந்தச் சாலையில் வருபவர்களில் பெரும்பாலோர் காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து மக்கள். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், சாணார்பட்டி என்று வந்து திண்டுக்கல்லைத் தொடுவார்கள். மதுரைச் சாலையிலும் திருச்சிச் சாலையிலும் வருபவர்கள் திண்டுக்கல்லில் இவர்களோடு கலக்கிறார்கள். அங்கிருந்து பழனிக்கு அறுபது கிலோமீட்டரை ஒட்டி. காரைக்குடியிலிருந்து கணக்குப் போட்டால் மொத்தம் நூற்றறுபதைத் தாண்டும். நடப்பவரின் வயதையும் வேகத்தையும் பொறுத்து நான்கு நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும்.

உலகத்தில் நீண்ட நடைபாதைகளைத் திட்டமிடுவது இன்று ஒரு தனித் துறை. அமெரிக்காவில் பென்டன் மக்காய் என்ற வனவியலாளர் 1921-ல் ஒரு கட்டுரை எழுதினார். அப்பலாச்சிய மலைத்தொடரின் நெடுக, நகரத்து மக்கள் வேலையிலிருந்து விலகி வந்து நடக்க ஒரு பாதை வேண்டும், வழியில் ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒன்றாகத் தங்குமிடங்கள் வேண்டும் என்றார். தன்னார்வலர்கள் கோடாலியும் மண்வெட்டியுமாக இறங்கி 1937-ல் அதை முழுமையாக்கினார்கள். 14 மாநிலங்களின் ஊடாக 3,500 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஸ்பெயினில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதை ஏறத்தாழ மறக்கப்பட்டுக் கிடந்தது. எலியாஸ் வலீஞா என்ற கிராமத்துப் பாதிரியார் 1984-ல் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு கிளம்பி, மரத்திலும் மதிலிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். இன்று பக்திக்காக நடப்பவர், உடம்புக்காக நடப்பவர், துக்கத்தை இறக்கிவைக்க நடப்பவர் என்று ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் அந்த அம்புக்குறிகளைப் பார்த்து நடக்கிறார்கள்.

பக்கத்தில் இலங்கை. கண்டிக்கருகே தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ டிரெயில் 300 கிலோமீட்டருக்கும் அதிகம். 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டத்து வண்டிப் பாதைகளையும் லயங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதைகளையும் கோத்துப் போட்ட தடம் அது. புதிதாக வெட்டியது மிகக் குறைவு. ஏற்கெனவே மலையகத் தமிழர் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்துக் கூடையோடு நடந்த வழிகளே இப்போது வெளிநாட்டார் கைப்பேசி வரைபடத்தில் கோடாக விழுந்திருக்கின்றன.

ஆகவே கேள்வி இது. திண்டுக்கல் சமவெளியின் குறுக்கே, ஊர்களின் வழியாக, ஆண்டு முழுவதும் நடக்கத்தக்க ஒரு நீண்ட பாதையைத் திட்டமிட வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

வரைபடத்தை விரித்துக் கோடு போடுவதற்கு முன் ஊர்ப் பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம். திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் வரிசையாக வருபவை: ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி. ஒரே சாலையில் நான்கு சத்திரங்கள். பேருந்தில் போகிறவருக்கு இவை நிறுத்தங்கள். நடக்கிறவருக்குத்தான் இந்தப் பெயர்களின் பொருள் காலில் உறைக்கும். திண்டுக்கல்லில் விடியற்காலை கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் ரெட்டியார்சத்திரம். வெயில் தாழ எழுந்தால் இருட்டும் நேரத்துக்கு ஒட்டன்சத்திரத்துப் பக்கம். மறுநாளும் அப்படியே. மக்காய் 1921-ல் கேட்ட ‘ஒரு நாள் நடைக்கு ஒரு தங்குமிடம்’ இங்கே ஊராகவே முளைத்து, பேராகவே நிலைத்துவிட்டது.

சத்திரம் கட்டுவது, சாலையோரம் மரம் வைப்பது, கிணறு வெட்டுவது எல்லாம் ஒரு காலத்தில் அரசியின் வேலையாகவும் இருந்தது, வசதியான விவசாயியின் வேலையாகவும் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் தென்மாவட்டச் சாலைகளோடும் சத்திரங்களோடும் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். அரசிக்கு அடுத்து, பெயர் தெரியாத ஏராளமானோர் செய்த ஒன்று இருக்கிறது: சுமைதாங்கிக் கல். நட்ட இரண்டு கல்லின் மேல் ஒரு கல்லைக் கிடையாக வைத்தது. உயரம், நிற்கும் ஆளின் தோள் அளவு. தலைச்சுமையோடு வருபவர் குனியாமல், யாரையும் ‘ஒரு கை பிடிங்க’ என்று கூப்பிடாமல், சுமையை அப்படியே நழுவவிட்டு இளைப்பாறிவிட்டு, மறுபடி அப்படியே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்க முடியாத சுமையை இறக்கிவைப்பதாக எண்ணி, வீட்டார் அந்தக் கல்லை நட்டார்கள். பழைய சாலையோரங்களில் சில இடங்களில் அது இன்னும் நிற்கிறது, பல இடங்களில் சாலை அகலமானபோது போய்விட்டது. எந்த நடைபாதை வல்லுநரும் வரைந்து கொடுத்த சாதனம் அல்ல. நடக்கிறவரின் உடம்பை இவ்வளவு கவனமாக அளந்து செய்த இன்னொரு சாலையோரப் பொருள் இருக்குமா என்பது சந்தேகம்.

செட்டிநாட்டு நகரத்தாரின் பழனி நடைப்பயணம் 400 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது என்று அவர்களே மரபாகச் சொல்லி வருகிறார்கள். வணிகத்துக்காகப் பழனி சென்ற ஒருவரிடமிருந்து அது தொடங்கியதாக அந்த மரபு சொல்கிறது. குன்றக்குடியில் கூடி, மயில்தோகை வைத்த காவடிகளில் சர்க்கரையைக் கட்டித் தூக்கிக்கொண்டு புறப்படுவார்கள். எந்த ஊரில் எந்த வேளைக்குச் சாப்பாடு, எந்த ஊரில் இரவு, எந்த மரத்தடியில் காவடியை இறக்குவது என்பதெல்லாம் முன்னோர் போட்ட கணக்கு. சாமான்களும் சமையல் பாத்திரமும் வண்டியில் கூடவே வரும். பிறகு சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் வட்டித்தொழிலுக்குப் போனபோதும் இந்தத் தைப்பூசத்தைக் கையோடு கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை 1859-ல் நிறுவியவர்கள் அவர்கள்தான்.

காலையில், சாணார்பட்டி தாண்டியதும், நடப்பவரின் கண்ணுக்கு நேரே திண்டுக்கல்லின் மொட்டைப் பாறை எழும்புகிறது. திண்டு போலக் கிடக்கும் கல் என்று ஊருக்குப் பெயர் தந்த பாறை. மேலே நாயக்கர் காலத்தில் தொடங்கி ஹைதர் அலி, திப்பு காலத்தில் வலுவாக்கிய கோட்டை. அது தெரிந்ததும் ஊர் வந்துவிட்டது என்று மனசு சொல்லும். கால் இன்னும் சில மணி நேரம் கேட்கும்.

பாதையின் மிகக் கடினமான பகுதி மலையுமல்ல, பொட்டலுமல்ல. நகரம்தான். வெறுங்காலுக்குக் கண்ணாடிச் சில்லு, ஆணி, திறந்து கிடக்கும் சாக்கடை மூடி, நடைமேடையில் ஏற்றி நிறுத்திய இருசக்கர வாகனம், முன்னும் பின்னும் ஹாரன். நீண்ட நடைபாதைகளைத் திட்டமிடுபவர்கள் காட்டைப் பற்றியும் மலையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஊருக்குள் வரும்போது ‘நகரச் சாலை’ என்று ஒரே வரியில் தாண்டிவிடுவது வழக்கம். இங்கே அப்படித் தாண்ட முடியாது. இந்தப் பாதையின் முடிச்சே திண்டுக்கல். மூன்று திசைச் சாலைகள் இங்கே வந்து ஒன்றாகின்றன.

ஊரும் சும்மா இருப்பதில்லை. தெருவுக்குத் தெரு பந்தல் முளைக்கிறது. சாம்பார் சாதம், தயிர் சாதம், தர்ப்பூசணிக் கீற்று, வலி மாத்திரை, கால்வலித் தைலம். வந்தவர்களுக்குச் சோறு போடுவது இந்த ஊருக்கு ஒரு மதத்தின் வழக்கமாக மட்டும் இருந்ததில்லை. முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழாவில், ஆகஸ்ட் மாதத்தில், நேர்த்திக்கடனாக வந்த ஆடும் கோழியும் அரிசியும் ஒன்றாக வெந்து, எல்லா மதத்தாரும் விடிய விடிய வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். சோறு ஆக்கத் தெரிந்த ஊர் இது. நடக்கிறவருக்கு அது பாதி பலம்.

திண்டுக்கல் தாண்டியதும் பாதையின் குணம் மாறுகிறது. இது தேசிய நெடுஞ்சாலை 83, நாகப்பட்டினத்திலிருந்து கோயம்புத்தூர் வரை போவது. லாரி, டேங்கர், கேரளப் பதிவெண் கொண்ட சரக்கு வண்டிகள் ஓயாமல் போகின்றன. நடப்பவர்களுக்கென்று சாலையோரமாகத் தனி நடைபாதை போட்ட நீளங்களும் உண்டு; நல்ல எண்ணத்தோடு செய்த வேலை. ஆனால் பதினோரு மணிக்கு மேல் அந்தச் சிமெண்டுக் கல்லில் வெறுங்காலை வைத்துப் பார்த்தால் தெரியும். நடப்பவர்கள் அதைவிட்டு இறங்கி, பக்கத்தில் இருக்கும் இரண்டடி மண்ணில், சிலசமயம் முள்ளுக்கு நடுவே, ஒற்றை வரிசையாகப் போகிறார்கள். சில இடங்களில் சீமைக் கருவேலம் வளர்ந்து நடைபாதையை விழுங்கிவிட்டது. அங்கே எல்லோரும் மறுபடி தார் விளிம்புக்கு ஏறுகிறார்கள். இரவில் வண்டி மோதிய செய்தி இல்லாத தைப்பூசப் பருவம் அரிது. போலீஸ்காரர்கள் கொடுக்கும் ஒளிரும் பட்டைகள் உயிர் காப்பவைதாம். ஆனாலும் எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு முன்னால் ஒரு பட்டையை நிறுத்திவிட்டுத் திருப்தி அடைய முடியாது.

வெறுங்காலுக்கு வேண்டியது மண்ணும் நிழலும். இரண்டும் முன்பு இருந்தன. புளியமரம் இரு பக்கமும் கைகோத்து நின்ற சாலைகளை இந்த மாவட்டத்தில் நாற்பது வயதுக்காரர்கூட நினைவில் வைத்திருக்கிறார். சாலை அகலமாக அகலமாக மரம் போயிற்று, நிழல் போயிற்று, சுமைதாங்கி போயிற்று. மகாராஷ்டிரத்தில் பண்டர்பூருக்கு வாரி யாத்திரை போகும் பல்லக்குச் சாலைகளை நான்கு வழியாக்கும்போது, இரு பக்கமும் யாத்திரிகர்களுக்கென்றே தனி நடைவழியைத் திட்டத்திலேயே சேர்த்து 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். வரைபடம் போடும் நாளிலேயே நடப்பவரை எண்ணிப் பார்த்ததுதான் அதில் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். இங்கே இன்னும் ஒரு படி மேலே போகலாம். நெடுஞ்சாலையை ஒட்டியே நடக்கத்தான் வேண்டுமா? சாலைக்கு அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் உள்ளே தோப்புகளுக்கு நடுவே ஊர்ச் சாலைகளும் வண்டிப் பாதைகளும் வாய்க்கால் கரைகளும் கிடக்கின்றன. துண்டு துண்டாக இருக்கும் அவற்றைக் கோத்தால் லாரிச் சத்தம் கேட்காத பாதை கிடைக்கும். பீக்கோ டிரெயிலைப் போட்டவர்கள் செய்த வேலை இதுதான்.

ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் கூட்டுறவோடு அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. பசுமைக்குடிலில் நாற்று வளர்ப்பதைப் பார்க்க விவசாயிகள் வருகிறார்கள். வலப்பக்கம் பொட்டல், இடப்பக்கம் கொடைக்கானல் மலையின் நீலச் சுவர். அந்தச் சுவர் பழனி வரை கூடவே வரும். ஒட்டன்சத்திரத்தை நெருங்கும்போது தக்காளியும் வெங்காயமும் முருங்கையும் ஏற்றிய டெம்போக்கள் சந்தை வாசலில் முட்டி மோதுகின்றன. தமிழ்நாட்டின் மிகப் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று இது. கேரளத்துச் சமையலறைகளுக்குப் போகும் சரக்கில் கணிசமானது இங்கேதான் லாரி ஏறுகிறது. சுமை தூக்குகிற தொழிலாளர்கள் பாதயாத்திரைக்காரர்களைப் பார்த்ததும் மூட்டையோடு ஓரம் ஒதுங்கி வழி விடுகிறார்கள். சுமையோடு நிற்பது என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்து வரும் விருப்பாச்சியில் பெரும்பாலோர் நிற்பதில்லை, நிற்க வேண்டிய ஊர். 1772-ல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதர் இறந்தபின், வேலு நாச்சியார் சிவகங்கைச் சீமையைவிட்டு மேற்கே வந்து அடைக்கலம் புகுந்தது இந்த விருப்பாச்சிப் பாளையத்தில். பாளையக்காரர் கோபால் நாயக்கர் இடம் கொடுத்தார். ஹைதர் அலியின் ஆதரவு திண்டுக்கல்லிலிருந்து கிடைத்தது. எட்டு ஆண்டுகள் படை திரட்டி 1780-ல் சிவகங்கையை மீட்டார். கோபால் நாயக்கரை 1801-ல் ஆங்கிலேயர் தூக்கிலிட்டார்கள். இன்று சிவகங்கைப் பக்கத்திலிருந்து பச்சை வேட்டியோடு வரும் கூட்டம் போவதும் நாச்சியார் வந்த அதே திசையில்தான், அந்தச் சமவெளியின் குறுக்கேதான். அடைக்கலம் கொடுத்த ஊர் என்று ஒரு பலகை வழியில் இருந்தால், பத்து வயதுப் பிள்ளை தாத்தாவின் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்கும். ஒரு பாதை பள்ளிக்கூடமும் ஆவது அப்படித்தான்.

விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ல் கிடைத்தது. மலைவாழைதான் பஞ்சாமிர்தத்தின் உயிர். சத்திரப்பட்டி தாண்டி ஆயக்குடி வந்தால் சாலையோரம் முழுக்கக் கொய்யா, தட்டுத் தட்டாக. இரண்டாக அரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுக்கிறார்கள். அதைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தால் பழனி மலை. கூட்டத்தின் நடையில் ஒரு வேகம் தானாக வந்துவிடுகிறது. நொண்டியவர்கள்கூட நிமிர்ந்து நடக்கிறார்கள். சண்முகநதியிலோ இடும்பன் குளத்திலோ முழுக்கு, 693 படி, தரிசனம். அதைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள்.

எழுதப்படாதது அதற்கு அடுத்த நாள்.

பெரும்பாலோர் பேருந்திலும் ரயிலிலும் வேனிலும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். நகரத்தார் காவடிக்காரர்கள் திரும்பி நடக்கிறார்கள். போன வழியே, கிழக்கே பார்த்து, குன்றக்குடி வரை. மரபு அப்படி. ஆனால் போகும்போது இருந்த பாதை திரும்பும்போது இல்லை. பந்தல் மூங்கில் அவிழ்ந்து லாரியில் ஏறுகிறது. வாடகைப் பாத்திரங்கள் கடைக்குத் திரும்பிவிட்டன. மருத்துவ முகாம் இருந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு மட்டும். தட்டும் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் ஓரத்தில் குவிந்து கிடக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் தடை செய்தும், வந்தபடியேதான் இருக்கிறது. பத்து நாள் திறந்திருந்த மண்டபக் கதவில் பூட்டு. பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல்; அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு. நடப்பவருக்குத் தெரிய வேண்டியது சாவி யாரிடம் என்பது.

ஆண்டு முழுவதும் நடக்கும் பாதை என்றால் அது இந்தத் திரும்பும் பயணத்தைப் போலத்தான் இருக்கும். பத்து லட்சம் பேருக்கான பந்தல் ஆடியிலும் ஐப்பசியிலும் இருக்காது. அன்று நடப்பவர் இருவர், மூவர், ஒரு கல்லூரிக் குழு, ஒரு தாயும் மகளும். அவர்களுக்கு அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் வேண்டாம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு குடிநீர்க் குழாய், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, இரவு தங்க ஒரு கூரை, அந்தக் கூரையின் சாவி வைத்திருப்பவர் வீடு எது என்று எழுதிய பலகை. திட்டத்தைக் கூட்டத்துக்காகப் போட்டால் பாதை பத்து நாள் இருக்கும். திரும்பி நடக்கும் ஒருவருக்காகப் போட்டால் மற்ற நாட்களிலும் இருக்கும், தைப்பூசத்துக்கும் உதவும்.

கழிப்பறை விஷயத்தில் மட்டும் சற்று நிற்க வேண்டும். பாதயாத்திரைக் கூட்டத்தில் பெண்கள் ஏராளம். இருட்டிலேயே புதர் தேடி ஒதுங்குவதற்காகவே மூன்று மணிக்கு எழுந்து கிளம்பும் குழுக்கள் உண்டு. தண்ணீரைக் குறைத்துக் குடித்து வெயிலில் மயங்கி விழுந்தவர்களும் உண்டு. எவ்வளவு அழகான பாதையாக இருந்தாலும், ஒரு பெண் தயங்காமல் தண்ணீர் குடித்துவிட்டு நடக்க முடிகிறதா என்பதைப் பார்த்தே அதை மதிப்பிட வேண்டும்.

மாவட்டத்துக்குள் இந்தப் பாதை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். நத்தம், சாணார்பட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், பழனி என்று ஆறு ஒன்றியங்கள். யாரைக் கேட்பது என்ற குழப்பமே தேவையில்லை. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. எந்த வண்டிப் பாதை பொதுவழி, எது பட்டா நிலம், எந்தக் கண்மாய்க் கரையில் மழைக்காலத்தில் கால் வைக்க முடியாது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, எந்தத் தோப்புக்காரர் இரவில் நாய் அவிழ்த்து விடுவார் – இவையெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். கருவேலத்தை வெட்டி மண் பாதை ஒதுக்குவது ஊரக வேலைத் திட்டத்துக்கு ஏற்ற வேலை. வேம்பும் புங்கனும் இலுப்பையும் வைத்து, மூன்று கோடை தண்ணீர் ஊற்ற ஆள் போட்டால் நிழல் வந்துவிடும். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் சாப்பாட்டை மகளிர் குழுக்கள் ஆக்கித் தர முடியும். வனத்துறை 2024-ல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. முன்பதிவு, கட்டணம், வழிகாட்டி எல்லாம் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. சமவெளிக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஊர்களுக்கு நடுவே நடப்பதும் பார்க்கத் தகுந்ததுதான் என்று நம் திட்டங்கள் இன்னும் நினைக்கவில்லை.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. தைப் பந்தலில் கொடுப்பது தர்மத்துக்கு; அதற்கு விலைச்சீட்டு ஒட்டினால் அந்தப் பந்தல் செத்துப்போகும். மற்ற மாதங்களில் வருபவரிடம் சாப்பாட்டுக்குக் காசு வாங்குவது நியாயம். தை மாதத்துத் தர்மம் இருந்தபடி இருக்கட்டும். இன்னொன்று, சொல்லாமல் விடக்கூடாதது. தைப் பந்தலில் யாரும் யாருடைய சாதியையும் கேட்பதில்லை. எல்லோரும் சாமிதான். மற்ற நாட்களில் கேட்கும் ஊர்களும் தெருக்களும் இருக்கின்றன. யார் வீட்டுத் திண்ணையில் யார் படுக்கலாம் என்பதில் தயக்கம் இருக்கும் வரை, பலகை எத்தனை நட்டாலும் பாதை முழுசாகத் திறந்திருக்காது. எனவே தங்குமிடம் பொது இடமாக, ஊருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். சாவி ஒரே தெருவில் முடங்கக் கூடாது.

பூசம் முடிந்து நான்காம் நாள். சாணார்பட்டிக்கும் கோபால்பட்டிக்கும் இடையே, போன வாரம் கொட்டகை நின்ற இடத்தில் நான்கு குழிகள் மட்டும். பக்கத்து வீட்டுத் திண்ணையில் பெண் ஒருத்தி உளுந்து புடைத்துக்கொண்டிருக்கிறாள். கிழக்கே போகும் சிறு குழுவிலிருந்து, தலை நரைத்த ஒருவர் தண்ணீர் கேட்டு ஒதுங்குகிறார். காலில் பழைய வேட்டிக் கட்டு, அழுக்கேறிப்போய்.

“என்னங்கய்யா, திரும்பியும் நடையா?”

“வந்த கால்தானேம்மா.”

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ச் செம்பில் மோர் கொண்டுவருகிறாள். குடித்து முடித்தவர், நடை எத்தனை நாழி, ராத்திரி தங்க எங்கே இடம் என்று விசாரிக்கிறார். அவள் சாலையின் எதிர்ப்பக்கத்து மண்டபத்தைக் கைகாட்டுகிறாள். கதவு பூட்டியிருக்கிறது.

“சாவி வச்சிருக்கிறவரு நத்தத்துக்குப் போயிருக்காரு. இருங்க, போன் போட்டுப் பாக்குறேன்.”

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போகிறாள். அவர் திண்ணையில் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்துக் குதிகாலைப் பார்க்கிறார். மேல்தோல் அப்படியே இருக்கிறது. நூல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.